ஞானஸ்நானமும் தீட்சையும்: பிள்ளைப் பருவத்திற் சமய உறுதி தகுமோ?

கொட்டாஞ்சேனையில் வளரும் சைவப் பிள்ளை கோயில் மணியையும் தேவாலய மணியையும் ஒருங்கே கேட்டு வளர்கின்றது. புனித லூசியாள் பேராலயம் ஒருபுறம். சிறிது தூரத்திற் கொச்சிக்கடையில் அந்தோனியார் திருத்தலமும், சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவர்கள் கருங்கல்லாற் புதுக்குவித்த பொன்னம்பலவாணேசுவரர் ஆலயமும் மறுபுறம். செவ்வாய்க்கிழமைகளில் அந்தோனியார் சந்நிதியில் மெழுகுதிரி ஏற்றுவோருட் சைவர் எத்துணையர் என்று எண்ணப் புகுந்தால் எண்ணி முடியாது. வெள்ளவத்தையிலும் நிலைமை பெரிதும் வேறன்று. அங்கு இராமகிருஷ்ண மிஷன் மண்டபத்திலே பண்ணிசை பயிலும் பிள்ளை, அடுத்த வீட்டுத் தோழனோடு ஞாயிறு பாடசாலையையும் எட்டிப் பார்த்து வருகின்றது.

இச்சூழலிற் பத்து வயதுப் பிள்ளையொன்று, "நானும் ஞானஸ்நானம் பெறப் போகின்றேன்" என்று வீட்டில் வந்து சொல்லுமாயின், பெற்றோர் கூறும் முதல் விடை யாது? "சிறுபிள்ளைக்கு என்ன தெரியும்?" என்பதே. விடை நியாயமானதுபோலத் தோன்றுகின்றது. ஆயின், அதே பெற்றோர் அதே பிள்ளையை மறுவாரம் கோயிலுக்கு அழைத்துச் சென்று சமய தீட்சை பெறுவித்தல் கூடும். அறியாப் பருவம் என்னும் நியாயம் ஒருபால் மட்டும் பயன்படுமாயின் அது நியாயமன்று, பக்கச்சார்பு. ஆகவே இவ்வினாவை நம் வீட்டையும் உட்படுத்தி ஆராய்தலே நேர்மையாகும்.

முதற்கண் ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். சமயக் கிரியைகளுட் சில பிள்ளைக்கு வழங்கப்படுவன; சில பிள்ளையிடமிருந்து வாக்குறுதி பெறுவன. பெயர்சூட்டல், காது குத்தல், ஏடு தொடக்குதல் என்பன முதல் வகையின. தாய் பாலூட்டுமுன் குழந்தையின் சம்மதம் கேட்பதில்லை. தாய்மொழியைக் கற்பிக்குமுன்னும் கேட்பதில்லை. கத்தோலிக்கர் கைக்குழந்தைக்கு அளிக்கும் ஞானஸ்நானமும் பெரும்பாலும் இவ்வகையினதே. அங்கே விசுவாசத்தை அறிக்கையிடுவோர் பெற்றோரும் ஞானப் பெற்றோரும் ஆவர். குழந்தை யாதொன்றும் உறுதி கூறுவதில்லை. இடர்ப்பாடு தோன்றுவது, பிள்ளையே வாய்திறந்து "நான் நம்புகின்றேன், இனி இந்நெறியே நிற்பேன்" என்று சொல்லவேண்டிய இடத்திலேயாம்.

இதனைக் கிறிஸ்தவர்கள் தாமே நெடுங்காலம் வாதித்திருக்கின்றனர். கி.பி. 200 அளவில் வட ஆபிரிக்காவில் வாழ்ந்த தெர்த்துல்லியன் என்னும் அறிஞர், சிறுவருக்கு ஞானஸ்நானத்தைப் பிற்போடுதல் நன்றென எழுதினார். இருநூறாண்டுகளின் பின் அதே நாட்டு அகுஸ்தீனார் குழந்தை ஞானஸ்நானத்தை வலியுறுத்தினார்; அவர் கொள்கையே மேற்றிசையில் நிலைத்தது. 1525 இற் சூரிச் நகரிற் சிலர், அறிவறிந்தபின் பெறுவதே மெய்யான ஞானஸ்நானம் என்று கூறி மறுபடியும் முழுக்குப் பெற்றனர். அவருள் ஒருவரான பீலிக்ஸ் மான்ஸ் 1527 இல் ஆற்றில் அமிழ்த்திக் கொல்லப்பட்டார். கொன்றோரும் கிறிஸ்தவரே. வளர்ந்தோர்க்கே முழுக்கு என்னும் கொள்கையுடைய பப்ரிஸ்து சபையார் 1812 இல் கொழும்புக்கு வந்தனர். 1924 இல் இந்நகரிலேயே தோன்றிய இலங்கைப் பெந்தெகொஸ்தே சபையும் அக்கொள்கையினதே.

கத்தோலிக்க திருச்சபையின் 1983 ஆம் ஆண்டுச் சட்டத்தொகுதி, பெற்றோருள் ஒருவரேனும் இசையாவிடிற் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தல் முறையன்று என்கின்றது. எனினும் மரண ஆபத்திலுள்ள குழந்தைக்குப் பெற்றோர் விரும்பாவிடினும் கொடுக்கலாம் என விதிவிலக்கும் வைத்திருக்கின்றது. இவ்விலக்கினால் விளையத்தக்க துன்பத்துக்கு இத்தாலியிலே ஒரு சான்று உண்டு. பொலோஞா நகரில் எட்கார்தோ மோர்த்தாரா என்னும் யூதக் குழந்தை நோயுற்றபோது, வீட்டுப் பணிப்பெண் இரகசியமாக ஞானஸ்நானம் கொடுத்துவிட்டாள். செய்தி வெளிப்படவே, 1858 இற் பாப்பரசரின் அரசு ஆறு வயதுப் பிள்ளையைப் பெற்றோரிடமிருந்து பிரித்துக்கொண்டது. ஐரோப்பா எங்கும் கண்டனம் எழுந்தும் பிள்ளை திருப்பியளிக்கப்படவில்லை. அவர் பின்னர்க் குருவாகி 1940 இற் காலமானார். தாம் பெற்ற நெறியை அவர் பின்னாளில் மனமுவந்து போற்றினார் என்பது உண்மையே. ஆயினும் அது, பெற்ற தாயினின்றும் பிள்ளையைப் பிரித்த செயலை நியாயமாக்கமாட்டாது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். ஒல்லாந்தர் காலத்திலே பாடசாலையும் தேவாலயமும் ஒன்றாயிருந்தன. ஞானஸ்நானமும் விவாகமும் பாடசாலைத் தோம்புகளிற் பதியப்பட்டன. பதிவின்றேல் உரிமைகளை நிலைநாட்டுதல் அரிதாயிற்று. ஆகவே மக்கள் பிள்ளைகளைத் தண்ணீருக்குக் கொண்டுசென்றனர், மனத்தைக் கொண்டுசென்றிலர். 1796 இல் ஒல்லாந்தர் ஆட்சி நீங்கியபின் அப்பெயரளவுக் கிறிஸ்தவருட் பெருந்தொகையினர் தம் பழைய நெறிக்கே மீண்டனர்.

அமெரிக்க மிஷனார் 1823 இல் வட்டுக்கோட்டையில் நிறுவிய செமினரியின் கதை இதனினும் நுட்பமானது. விடுதிப் பிள்ளைகளுக்கு, அமெரிக்காவிலிருந்து பொருளுதவி புரிந்தோரின் பெயர்களைச் சூட்டும் வழக்கம் அங்கிருந்தது. கறல் விசுவநாதபிள்ளை, நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை, வைமன் கதிரவேற்பிள்ளை என்னும் பெயர்கள் அவ்வழக்கை இன்றும் காட்டி நிற்கின்றன. முன்பாதி அயலார் கொடுத்தது, பின்பாதி பெற்றோர் கொடுத்தது. உள்ளம் எப்பாதியைச் சார்ந்தது என்பதைப் பிள்ளை வளர்ந்தே தெளியவேண்டியதாயிற்று. மறுதலையாக, ஆறுமுக நாவலர் அவர்கள் இளமை தொட்டு மெதடிஸ்த மிஷன் பாடசாலையிற் பயின்று, அங்கேயே ஆசிரியராகிப் பேர்சிவல் பாதிரியாரின் பைபிள் மொழிபெயர்ப்புக்கும் துணைநின்றார்கள். அவ்வாறிருந்தும் சைவத்தினின்றும் வழுவவில்லை. 1848 இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார்கள்.

சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களின் குடும்பம் இன்னும் சிந்திக்கத்தக்கது. கிறிஸ்தவச் சூழலில் வளர்ந்த அவர், பின்னாளிற் சைவத்துக்குத் திரும்பிக் கலித்தொகை முதலிய நூல்களைப் பதிப்பித்து அழியாப் புகழ் பெற்றார். அவருடைய மகனாரோ கிறிஸ்தவராகி, பிரான்சிஸ் கிங்ஸ்பரி பாதிரியார் என விளங்கினார். அப்பாதிரியார் 1921 இற் பிலிப்ஸ் என்பாரோடு சேர்ந்து சைவ நாயன்மார் பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார்! தந்தையார் ஒரு திசையிலும் மைந்தர் எதிர்த்திசையிலும் சென்றனர். இருவரும் சென்றது அறிவு முதிர்ந்தபின் தாமே தெரிந்த வழியில். அவருள் எவரையும் பத்து வயதிற் கட்டிவைத்திருக்க இயலுமோ?

நிற்க. பௌத்தரின் விநய நூல் இவ்விடயத்தில் வியக்கத்தக்க தெளிவுடையது. ஏழு வயது இராகுலனைப் புத்தர் துறவியாக்கியபோது, பாட்டனாரான சுத்தோதனர் பெரிதும் வருந்தினார். அதன்பின்னரே, பெற்றோர் அனுமதியின்றிப் பிள்ளைகளைச் சங்கத்திற் சேர்க்கலாகாது என்னும் விதி எழுந்தது. பதினைந்து வயதுக்குட்பட்டோரைச் சேர்த்தலும் விலக்கப்பட்டது; ஆதரவற்ற சிறுவர் பொருட்டு, காக்கை ஓட்டவல்ல பருவத்தினரைச் சேர்க்கலாம் என்று பின்னர்த் தளர்த்தப்பட்டது. முழு உபசம்பதாவுக்கு இருபது வயது வேண்டும். காக்கை ஓட்டுதலை அளவுகோலாக வைத்தவர்கள் பிள்ளைகளை உற்றுநோக்கியவர்கள் என்பதில் ஐயமில்லை.

இனிச் சைவாகமங்கள் யாது கூறுகின்றன? மூன்று வயதில் ஞானப்பால் உண்ட சம்பந்தப் பிள்ளையாரையும், குழந்தைப் பருவத்திலே பரஞ்சோதி முனிவரிடம் உபதேசம் பெற்ற மெய்கண்டாரையும் போற்றும் நாம், குழந்தைக்கு ஞானம் கைகூடாது என்று சொல்லல் இயலாது. ஆயினும் ஆகமங்கள் அவ்வருமையானவர்களை வைத்துப் பொதுவிதி வகுக்கவில்லை. தீட்சையை நிர்பீசம், சபீசம் என இரண்டாக வகுத்தன. சிவஞான சித்தியார் இதனை விளக்குகின்றது. பாலர், முதியோர், நோயாளர் முதலியோர்க்கு உரியது நிர்பீசம்; சமயாசாரங்களைக் கைக்கொள்ளும் பொறுப்பு அவர்க்கு இல்லை. கற்றறிந்து ஆசாரங்களைத் தாங்கவல்லார்க்கு உரியது சபீசம்; அதனைப் பெற்றவர் அவற்றை வழுவாது காக்கக் கடவர். அருளைப் பெறுதற்கு வயதெல்லை இல்லை. கடமையைச் சுமத்தற்கு எல்லை உண்டு. இத்துணை நுட்பமான தீர்வை வேறெங்கும் யான் கண்டிலேன்.

ஆனால் நடைமுறையில் நாம் இதனைப் பேணுகின்றோமா? பாடசாலைப் பிள்ளைகளை வரிசையாக இருத்தி ஒரே நாளிற் பலருக்குத் தீட்சை செய்விக்கின்றோம். நாடோறும் அனுட்டானம் செய்க என்று அவர்க்குக் கூறி அனுப்புகின்றோம். எங்ஙனம் செய்வது, எதற்காகச் செய்வது என்று கற்பிப்பார் சிலரே. மறுமாதம் அப்பிள்ளைகளுட் பெரும்பாலார் அதனை மறந்துவிடுகின்றனர். உறுதியொன்றைக் கொடுத்து அதனை முறிக்கும் பழக்கத்தையே இளமையிற் பயிற்றுகின்றோமோ என யான் அஞ்சுகின்றேன்.

சட்டத்தின் துணையும் ஓரளவே கிட்டும். இலங்கையிற் பராயமடையும் வயது 1989 இல் இருபத்தொன்றிலிருந்து பதினெட்டாகக் குறைக்கப்பட்டது. அவ்வாண்டே ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற சிறுவர் உரிமைச் சமவாயம், பிள்ளைக்குச் சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரம் உண்டு என்றும், பிள்ளையின் வளரும் ஆற்றலுக்கு இயைய வழிகாட்டும் உரிமை பெற்றோர்க்கு உண்டு என்றும் கூறுகின்றது. எந்த வயதில் எவ்வளவு ஆற்றல் என்பதை அது வரையறுக்கவில்லை. அதனை வீட்டிலுள்ளோரே காணல் வேண்டும்.

ஆதலால், ஞானஸ்நானம் பெறப்போவதாகச் சொல்லும் பத்து வயதுப் பிள்ளையை ஏசுதலும் அடித்தலும் பேதைமை. அப்பிள்ளை விரும்புவது கிறிஸ்துவையோ, தோழனையோ, பாட்டையோ, வெள்ளை உடையையோ என்று பொறுமையோடு கேட்டறிதல் வேண்டும். மாற்றானின் வழிபாட்டைக் காண்பதால் எவரும் கெட்டுப்போவதில்லை. நாவலர் அவர்களே அதற்குச் சான்று. உறுதிமொழியை மட்டும் பதினெட்டு வரை பொறுத்திருக்கச் சொல்லலாம். அங்ஙனம் சொல்லும் பெற்றோர், பதினெட்டு வயதிலும் பிள்ளை அதனையே சொல்லுமாயின் வழிவிடக் கடமைப்பட்டவராவர். தீட்சை பெற்ற மகனாயினும் மகளாயினும் இது பொருந்தும். மறுபுறத்தில், பெற்றோர் அறியாமற் பிள்ளையைத் தண்ணீரில் இறக்கும் போதகர் எச்சபையினராயினும், அவரிடம் இதே பொறுமையைக் கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு.