இறுதி நேரத்திலும் நோயாளிக்கு உரிமை உண்டு

ஐசியூ வாசலில் காத்திருக்கும் குடும்பத்துக்குப் பல நேரம் கிடைக்கும் ஒரே பதில், “கொஞ்சம் சீரியஸ்தான்.” என்ன நடக்கிறது என்றே தெரியாமல் ஒருவரைப் பறிகொடுத்தால், அந்தத் துயரம் ஆறுவது கடினம். மருந்தும் ஊசியும் போலவே, உண்மையைச் சொல்வதும் மரியாதையாக நடத்துவதும் பராமரிப்புதான்.

கேட்டுப் பெற வேண்டியவை

தேசிய மனித உரிமை ஆணையம் வரைந்த நோயாளி உரிமைச் சாசனத்தை மத்திய சுகாதார அமைச்சகம் 2019-ல் மாநிலங்களுக்கு அனுப்பியது. அதன்படி:

• நோயின் நிலை, சிகிச்சை, செலவு பற்றிப் புரியும் மொழியில் விளக்கம் கேட்கலாம்.
• அறுவை சிகிச்சை போன்றவற்றுக்கு முன்பு சம்மதம் பெற வேண்டும்.
• வேறு மருத்துவரிடம் ஆலோசனை பெறலாம். அதற்கான மருத்துவ ஆவணங்களையும் கேட்கலாம்.
• பில் பாக்கியைக் காட்டி உடலைத் தர மறுக்கக் கூடாது.

வலியின்றி விடைபெற

குணமாகும் வாய்ப்பே இல்லாத நிலையில் உயிர்காப்புக் கருவிகள் வேண்டாம் என முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018-ல் ஏற்றது. 2023-ல் நடைமுறையை எளிதாக்கியது. அந்த ஆவணத்துக்கு இரண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரியின் சான்றும் போதும். கருவிகளை நிறுத்தினாலும் கவனிப்பை நிறுத்தக் கூடாது. வலி, மூச்சுத்திணறலுக்கு மருந்து தர வேண்டும்; வாயை ஈரப்படுத்த வேண்டும்; புண் வராமல் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இப்படி வலியைத் தணிக்கும் நோய் ஆதரவு சிகிச்சை வீட்டுக்கே வருகிறது.

உயிர் பிரிந்த பிறகு

திரையை இழுத்துவிட்டு, குழாய்களை எடுத்து, உடலைத் துடைத்து, கண்களை மூடிவிடுவது செவிலியரின் கைகள். தாலி, மோதிரத்தை எழுதிவைத்து, கையெழுத்து வாங்கி ஒப்படைப்பதும் அவர்தான். “பக்கத்தில் உட்காருங்கள், அவசரமில்லை” என்று அவர் சொல்லும் சொல்லைக் குடும்பம் மறப்பதில்லை. அதைச் சொல்லும் அவகாசம் செவிலியருக்கு இருக்க வேண்டும். வார்டில் போதிய ஆட்களை நியமிப்பது நிர்வாகத்தின் கடமை.

துயரம் ஆறாதபோது

தூக்கமின்மை, பசியின்மை, குற்றவுணர்வு எல்லாம் இழப்பில் இயல்பே. ஆறு மாதங்களுக்கு மேலாகியும் அன்றாட வாழ்க்கையே முடங்கிக் கிடந்தால் மனநல உதவி தேவை. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் வந்தால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. அரசின் ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண்ணான 14416-ல் எந்நேரமும் பேசலாம். இறப்புகளைத் தொடர்ந்து பார்க்கும் செவிலியருக்கும் இந்த உதவி உரியது.

கேள்வி கேட்கும் உறவினரைத் தொந்தரவாகப் பார்க்கும் வழக்கம் மாற வேண்டும். தயங்காமல் கேளுங்கள், பதில் பெறுவது உங்கள் உரிமை.