சுமோ ஹீரோவும் திருப்பூர் டி-ஷர்ட்டும்!

ஹாஸ்டல் ரூம் சுவத்துல ரஜினி, தோனி போஸ்டர் ஒட்டி அழகு பார்க்கிற ஆளா நீங்க? உங்களுக்கு 200 வருஷத்துக்கு முன்னாடியே ஜப்பான்ல சீனியர்ஸ் இருந்திருக்காங்க பாஸ்!

இன்றைய டோக்கியோவுக்கு அப்போ எடோன்னு பேர். அங்கே சூப்பர் ஸ்டார்கள் யார் தெரியுமா? சுமோ மல்யுத்த வீரர்கள்! தனிகாசே என்பவர் தொடர்ச்சியா 63 போட்டிகளில் ஜெயிச்சவர். 1782-ல் அந்த ஓட்டத்தை நிறுத்தினவர் ஒனோகவா. ரெண்டு பேருக்குமே 1789-ல் சுமோவின் உச்சப் பட்டமான 'யோகோசுனா' கிடைச்சது. முகத்தைப் பார்த்ததுமே 'இவர் இன்னார்'னு சொல்ற மாதிரி இவங்களை வரைஞ்சது கட்சுகவா ஷுன்ஷோவும் அவரோட சிஷ்யர்களும். அதெல்லாம் மரக்கட்டையில் செதுக்கி அச்சடிச்ச, சாதாரண ஜனங்களும் வாங்கக்கூடிய படங்கள்.

எப்படித் தயாரிச்சாங்க? ஓவியர் வரைஞ்ச தாளைச் செர்ரி மரப் பலகையில் கவிழ்த்து ஒட்டி, கோட்டை மட்டும் விட்டுட்டு மீதியைச் செதுக்குவாங்க. அதோட அந்த ஒரிஜினல் ஓவியம் காலி! அப்புறம் ஒவ்வொரு கலருக்கும் தனிப் பலகை. தாள் நகராம இருக்க, பலகையின் மூலையிலும் ஓரத்திலும் அடையாள வெட்டு. துளி விலகினாலும் வீரரோட உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போயிடும்!

'அட, இது நம்ம ஊர் டேபிள் பிரிண்டிங் மாதிரி இருக்கே'ன்னு தோணுதா? திருப்பூர்க்காரங்களுக்குத் தோணாம இருக்காது. நீளமான டேபிள்ல வெட்டின பனியன் துணியை ஒட்டி, ஒரு கலருக்கு ஒரு ஸ்க்ரீன்னு வெச்சு இழுக்கிறாங்க. நாலு கலர்னா நாலு ஸ்க்ரீன். இடம் மாறினா பீஸ் வேஸ்ட். பலகைக்குப் பதில் ஸ்க்ரீன், தாளுக்குப் பதில் துணி. கணக்கு ஒண்ணுதான்!

இன்னொரு ஒற்றுமையும் இருக்கு. அது கொஞ்சம் உறுத்தும். அந்த ஜப்பான் படங்களில் வீரர் பேர் இருக்கும். ஓவியர் கையெழுத்து இருக்கும். பதிப்பாளர் முத்திரை இருக்கும். 1790-களில் இருந்து தணிக்கை முத்திரைகூட இருக்கும். செதுக்கினவர், அச்சடிச்சவர் பேர்? அபூர்வமாத்தான்! நம்ம டி-ஷர்ட்டிலும் பிராண்ட் பேர் உண்டு, 'மேட் இன் இந்தியா' உண்டு. ஸ்க்ரீன் பிடிச்ச கைக்குப் பேர் இல்லை. அந்தக் கை உங்க பக்கத்து பெஞ்ச் ஃப்ரெண்டோட அப்பாவுடையதா, அக்காவுடையதா இருக்கலாம்.

அடுத்த முறை காலேஜ் கல்ச்சுரல்ஸுக்கு டி-ஷர்ட் ஆர்டர் கொடுக்கிறப்போ, பிரிண்ட் பண்றவர்கிட்ட பேரைக் கேளுங்க. அவர் சம்மதிச்சா, கீழ் ஓரத்தில் சின்னதா அதையும் அடிக்கச் சொல்லுங்க. எடோவில் விட்டுப்போனதை நம்ம காலேஜ்ல ஆரம்பிப்போமே!