வேலூரில் கற்றது, ஜாம்கேட்டில் விளைந்தது

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. விலங்கியல் மாணவி)

சென்ற ஆண்டுக் கல்லூரி நாள் விழாவில், விலங்கியலில் முதல் மதிப்பெண் பெற்றமைக்காக எனக்கு ஒரு கோப்பை வழங்கினார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். கடைசிப் பேருந்தைப் பிடித்து வீடு சேர்ந்தபோது அம்மா விழித்திருந்தார். கோப்பையை வாங்கி முந்தானையால் துடைத்து, சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

"ஏத்தா, இது எதுக்குக் குடுத்தாக?"

"நல்லாப் படிச்சதுக்கும்மா."

"படிச்சதுக்கே குடுத்துட்டாகளா? படிச்சு நாலு பேருக்கு என்னமும் செஞ்சா, அதுக்கு என்ன குடுப்பாக?"

அம்மா கேலி பேசவில்லை. களையெடுத்தும் நாற்று நட்டும் என்னைப் படிக்க வைக்கும் அவர் எழுத்தறியாதவர், தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். எனக்கோ பதில் சொல்லத் தெரியவில்லை. படித்தவரை உலகம் எதற்காகப் பாராட்டுகிறது? இந்தக் கேள்வியோடு நூலகத்தில் தேடியபோது என் கண்ணில் பட்டது ஒரு கணவன் மனைவியின் வரலாறு. இருவரும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி ஒன்றின் பட்டதாரிகள். அக்கல்லூரி இருப்பது நம் தமிழ்நாட்டிலேதான். அவர்கள் பெற்ற பாராட்டு எத்தகையது, அது எதற்காகக் கிடைத்தது என்பதை எனக்கு விளங்கிய அளவில் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒற்றைப் படுக்கையில் பிறந்த கல்லூரி

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியை அறியாதார் நம்மில் இரார். அதன் தோற்றத்திற்குக் காரணம் ஓர் இரவு. அமெரிக்கச் சமயத் தொண்டர் குடும்பத்தில் பிறந்த இடா ஸ்கடர், திண்டிவனத்தில் பெற்றோருடன் தங்கியிருந்த காலம் அது. அன்றிரவு மூன்று ஆடவர் ஒருவர் பின் ஒருவராக வந்து, பிரசவ வேதனையில் துடிக்கும் தம் மனைவியரைக் காக்க வருமாறு அந்த இளம்பெண்ணை வேண்டினர். அவர் மருத்துவம் படித்தவரல்லர். மருத்துவரான தந்தை வரலாம் என்றபோது, ஆண் மருத்துவரை வீட்டினுள் அனுமதிக்க அவர்கள் இசையவில்லை. பொழுது விடிந்தபோது அம்மூன்று பெண்களும் உயிரோடு இல்லை.

இடா அமெரிக்கா சென்று மருத்துவம் பயின்று திரும்பி, 1900-இல் வேலூரில் ஒரே படுக்கை கொண்ட மருந்தகத்தைத் தொடங்கினார். 1918-இல் அது பெண்களுக்கான மருத்துவப் பள்ளியை ஈன்றது. பின்னர் பல்கலைக்கழகப் பட்டம் அளிக்கும் கல்லூரியாக உயர்ந்து, 1947 முதல் ஆண்களையும் சேர்த்துக்கொண்டது. பல திருச்சபைகள் ஒன்றுகூடித் தாங்கிய நிறுவனம் அது. பணிவிடை பெறுவதைவிடப் பணிவிடை செய்வதே மேல் என்பது அதன் குறிக்கோளின் சாரம். நம் வரலாற்றின் நாயகரும் நாயகியும் பயின்றது இங்கேதான்.

மணநாளில் எடுத்த உறுதி

ரஜனிகாந்த் ஆரோலே 1934-இல் பிறந்தவர். ஊர் மகாராட்டிரத்தின் அகமத்நகர் மாவட்டத்தைச் சேர்ந்த ராகுரி. (அம்மாவட்டம் 2024 முதல் அகில்யாநகர் எனப்படுகிறது.) அவருடைய பெற்றோர் பள்ளி ஆசிரியர்கள். மேபெல் 1935-இல் ஜபல்பூரில் பிறந்தவர். அவர் தந்தை இறையியல் பேராசிரியர். வேலூரில் உடன் பயின்ற இருவரும் 1960-இல் திருமணம் செய்துகொண்டனர். நாட்டுப்புறத்து ஏழை எளியவர்க்கே வாழ்நாளை ஈவது என்று அப்போதே உறுதி பூண்டனர்.

முதலில் சில ஆண்டுகள் கிராமப்புறத்து மருத்துவமனை ஒன்றில் பணியாற்றினர். காலை முதல் இரவு வரை நோயாளிகள் வந்து குவிந்தார்கள். இவர்களும் சலிக்காமல் வைத்தியம் செய்தார்கள். ஆனால் குணமாகி வீடு சென்ற குழந்தை சில வாரங்களில் அதே நோயுடன் திரும்பி வந்தது! நோய் பிறந்த இடம் ஊரின் தண்ணீர், பசி, அறியாமை, பெண்ணுக்கு மதிப்பின்மை. மருத்துவமனைக்குள் உட்கார்ந்திருந்தால் இவற்றில் ஒன்றையும் தொட முடியாது என்பது அவர்களுக்குப் புரிந்தது.

மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்றவர்கள், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் பொதுச் சுகாதாரம் பயின்றனர். அங்கேயே தங்கியிருந்தால் செல்வத்திற்கும் வசதிக்கும் குறைவிருந்திராது. அவர்களோ 1970-இல் தாயகம் திரும்பி, மழை பொய்க்கும் வறண்ட வட்டாரமான ஜாம்கேட்டைத் தேர்ந்தெடுத்து, முழுமைக் கிராம சுகாதாரத் திட்டத்தைத் தொடங்கினார்கள். கிறிஸ்தவ நெறியில் ஆழ்ந்த பற்றுடைய அவர்களது தொண்டு எல்லாச் சமயத்தாருக்கும் எல்லாச் சாதியினருக்கும் பொதுவாக இருந்தது.

எழுத்தறியாத சுகாதாரப் பணியாளர்கள்

தொடக்கத்தில் பயிற்சி பெற்ற செவிலியரை ஊர்களில் தங்க வைக்க முயன்றனர். அது சரிவரவில்லை. வெளியூரிலிருந்து வந்த இளம்பெண் தனியே தங்க அஞ்சினாள். ஊராரும் அவள் சொல்லை ஏற்கவில்லை. அப்போது ஓர் ஊர்த்தலைவர், "எங்கள் ஊர்ப் பெண்ணையே பழக்கினால் என்ன?" என்ற கருத்தைச் சொன்னாராம். திட்டத்தின் போக்கையே மாற்றிய யோசனை அது.

ஒவ்வொரு கிராமமும் தன் பெண் ஒருத்தியைத் தெரிந்தெடுத்து அனுப்பியது. அவர்களுள் பெரும்பாலோர் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்தவர் பலர். வாரந்தோறும் ஜாம்கேட்டுக்கு வந்து, சேர்ந்து உண்டு, சேர்ந்து தங்கி அவர்கள் கற்றனர். கருவுற்ற தாயைப் பேணுவது, தூய முறையில் பிரசவம் பார்ப்பது, குழந்தையின் எடையைக் கண்காணிப்பது, தொழுநோயையும் காசநோயையும் தொடக்கத்திலேயே கண்டுபிடிப்பது ஆகியவை பாடங்கள். கற்றதை ஊர் திரும்பியதும் மற்றப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுப்பதும் அவர்கள் கடமையே.

1972-73-இல் மகாராட்டிரம் கொடிய பஞ்சத்தால் வாடியது. அந்த ஆண்டுகளில் குழந்தைகளுக்கு ஊர்ச் சமையற்கூடங்களும் குடிநீருக்கு ஆழ்துளைக் கிணறுகளும் ஏற்பட்டன. கிணறு தோண்டும் இடத்தை ஆரோலே தம்பதியர் மிக நுட்பமாகத் தெரிந்தெடுத்தனர். ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் வைக்கப்பட்ட மக்களின் குடியிருப்பிலேயே கிணறுகள் அமையும்படி பார்த்துக்கொண்டார்கள். குடம் ஏந்தி அங்கே வந்துதான் மேல்சாதியாரும் தண்ணீர் எடுக்க வேண்டியதாயிற்று. மேடைப் பேச்சால் ஆகாத காரியத்தை ஒரு கைப்பம்பு செய்யத் தொடங்கியது எனலாம். ஆண்களுக்கு உழவர் மன்றமும் பெண்களுக்கு மாதர் மன்றமும் தோன்றின. கைப்பந்தாட்டத்தில் கூடிய இளைஞர்கள் பிறகு மரம் நடவும் மண்ணரிப்பைத் தடுக்கவும் கூடினார்கள்.

விளைவு என்ன? திட்டம் தொடங்கிய நாளில் அவ்வட்டாரத்தில் பிறந்த 1000 குழந்தைகளில் 176 பேர் ஓராண்டு நிறையுமுன்னரே இறந்தனர். ஏறத்தாழ ஆறில் ஒரு குழந்தை! 1990-களின் நடுவில் அந்த எண்ணிக்கை 26 ஆகக் குறைந்தது.

உப்பும் சர்க்கரையும்

அப்பெண்கள் கற்ற பாடங்களுள் ஒன்றை மட்டும் இங்கே விரித்துரைக்க விரும்புகிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

வயிற்றுப்போக்கில் குழந்தை இறப்பது பெரும்பாலும் உடலிலுள்ள நீரும் உப்பும் வெளியேறிவிடுவதால்தான். வெறும் தண்ணீரை மட்டும் கொடுத்தால் போதிய அளவு உடலில் தங்காது. நம் சிறுகுடற் சுவரில் சோடியத்தையும் குளுக்கோசையும் சேர்த்தே உள்ளே கொண்டு செல்லும் புரதம் ஒன்று இருக்கிறது. வயிற்றுப்போக்கு கடுமையாக இருக்கும்போதும் இந்த வழி அடைபடுவதில்லை. உப்பும் சர்க்கரையும் இவ்வழியே நுழைய, தண்ணீர் தானே அவற்றைப் பின்தொடர்கிறது. காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலைதட்டிய 6 தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்ட வேண்டும். உப்பு மட்டும் அளவுக்கு மிஞ்சக் கூடாது. 1971-இல் வங்கதேச அகதிகள் காலராவால் மடிந்தபோது, மேற்கு வங்கத்து பன்காவ் முகாமில் டாக்டர் திலீப் மகாலனாபிஸ் இத்தகைய கரைசலைக் கொண்டே ஏராளமான உயிர்களைக் காத்தார்.

உடற்செயலியல் வகுப்பில் எங்கள் பேராசிரியர் இதை விளக்கிய நாளில் நான் குறிப்பெடுக்கவில்லை. எனக்கு முன்னே பிறந்த அண்ணன் ஒருவன் இருந்தான். பதினோராம் மாதத்தில் அவனுக்கு வயிற்றுப்போக்கு கண்டது. அடைமழையில் எங்கள் ஊர்ப் பாதை அறுந்துபோயிருந்த வாரம். "தண்ணி குடுத்தா இன்னும் போகும், குடுக்காதீக" என்று அப்பத்தா தடுத்துவிட்டார். அவரும் பேரன்மேல் கொண்ட பாசத்தால்தான் தடுத்தார். இரண்டாம் நாள் அண்ணன் போய்விட்டான்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து அம்மாவிடம் பாடத்தைச் சொன்னேன். அடுப்பைப் பார்த்தபடியே கேட்டுக்கொண்டிருந்தவர், வெகுநேரம் கழித்துச் சொன்னது இதுதான்: "அன்னைக்கும் நம்ம வீட்ல உப்பு இருந்துச்சுத்தா. சீனியும் இருந்துச்சு."

உப்பு இருந்தது, சர்க்கரை இருந்தது, அவற்றைச் சேர்க்கும் அறிவு மட்டும் எங்கள் தெருவரைக்கும் வரவில்லை. அந்தக் கடைசிச் சில அடிகளைக் கடந்ததே ஆரோலே தம்பதியரின் பெருந்தொண்டு என்பதை அன்றுதான் உணர்ந்தேன். எங்கள் தெருவில் அப்படிப் பழக்கப்பட்ட ஓர் அக்கா அன்று இருந்திருந்தால், எனக்கு ஓர் அண்ணன் இருந்திருப்பான்.

தேடி வந்த விருதுகள்

இத்தொண்டினைப் பலரும் பாராட்டினர். நாட்டுப்புறங்களில் சிறந்த பணியாற்றும் தன் பழைய மாணவர்களுக்கென வேலூர்க் கல்லூரி பால் ஹாரிசன் விருது என்ற ஒன்றை வைத்திருக்கிறது. அவ்விருது இவர்களை அடைந்தது. 1975-இல் உலகச் சுகாதார நிறுவனம் வெளியிட்ட ஒரு நூலில் ஜாம்கேட் ஓர் எடுத்துக்காட்டாக இடம்பெற்றது. மூன்றாண்டுகளுக்குப் பின், 1978-இல், அல்மா-ஆட்டா மாநாட்டில் எல்லோர்க்கும் அடிப்படைச் சுகாதாரம் என்ற கொள்கையை உலக நாடுகள் ஏற்றன.

1979-இல் மகசேசே விருது வந்தது. விமான விபத்தில் 1957-இல் உயிர்நீத்த பிலிப்பைன்ஸ் குடியரசுத் தலைவர் ரமோன் மகசேசேயின் நினைவாக, 1958 முதல் மணிலாவில் அளிக்கப்படும் விருது அது. முதலாண்டில் வினோபா பாவே பெற்ற 'சமுதாயத் தலைமை' என்னும் பிரிவிலேயே இவ்விருவரும் பெற்றனர். தலைமை என்றதும் நமக்கு மேடையும் மாலையும் நினைவுக்கு வருகின்றன. இங்கோ, பிறரைத் தலைவர்களாக ஆக்கியவர்களுக்குத் தலைமைக்கான விருது கிடைத்தது! 1990-இல் இந்திய அரசு ரஜனிகாந்த் ஆரோலேயைப் பத்ம பூஷண் அளித்துச் சிறப்பித்தது. மேபெல் அம்மையார் 1999-இலும், ரஜனிகாந்த் 2011-இலும் மறைந்தனர். அவர்களுடைய பிள்ளைகள் பணியை ஏற்று நடத்தினர். 2005-இல் நாடெங்கும் ஆஷா பணியாளர்கள் வந்தபோது, அத்திட்டத்திற்கு முன்னோடியாக எண்ணப்பட்டவற்றுள் ஜாம்கேட்டும் ஒன்று.

இவற்றுக்கெல்லாம் மேலாக நான் மதிப்பது வேறொரு நிகழ்ச்சி. 1988-இல் வாஷிங்டனில் நடந்த மாநாடு ஒன்றில் ஜாம்கேட்டின் கிராமச் சுகாதாரப் பெண் ஒருவர் பேசினார். மண்டபத்தின் பெரிய விளக்குகளைச் சுட்டிக்காட்டி, மருத்துவர்கள் அவற்றைப் போன்றவர்கள் என்றும், தம்மைப் போன்றோர் சிறிய அகல் விளக்குகள் என்றும், ஆனால் ஓர் அகலால் இன்னோர் அகலை ஏற்ற முடியும் என்றும் அவர் கூறினாராம். கூடியிருந்த அறிஞர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். தம் மாணவிக்குக் கிடைத்த அந்தக் கைதட்டலைவிட ஓர் ஆசிரியருக்கு வேறு விருதும் வேண்டுமோ?

நாம் செய்யத்தக்கது

மருத்துவப் பட்டம் நமக்கு இல்லையே என்று சிலர் சொல்லலாம். உப்புக் கரைசலைச் சொல்லிக் கொடுக்க இரண்டாமாண்டு விலங்கியல் போதுமே! வேதியியல் மாணவர் கிணற்று நீரைச் சோதிக்கலாம். வணிகவியல் மாணவர் மகளிர் குழுக் கணக்கை எழுதக் கற்பிக்கலாம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் சாலை செப்பனிடுகிறோம். அதனோடு, அவ்வூர்ப் பெண்கள் இருவருக்கேனும் நம் பாடத்தில் ஒன்றைக் கற்றுக் கொடுத்துவிட்டு வந்தால், நாம் திரும்பிய பின்னும் முகாம் அங்கே நடந்துகொண்டிருக்கும்.

பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். வேலூர்க் கல்லூரி செய்வதுபோல நம் கல்லூரியும், தன் ஊருக்குத் தொண்டாற்றும் பழைய மாணவர் ஒருவரை ஆண்டுதோறும் கல்லூரி நாளில் அழைத்துச் சிறப்பிக்கலாகாதா? பொன்னும் பொருளும் வேண்டாம். ஒரு துண்டும் நான்கு வார்த்தையும் போதும். அரங்கில் அமர்ந்திருக்கும் முதல் தலைமுறை மாணவர்களாகிய எங்களுக்கு, படித்து முடித்துப் போக வேண்டிய திசைகளில் எங்கள் ஊர்த் திசையும் ஒன்று என்று அது காட்டும்.

இவ்வாண்டு முகாமுக்கு நான் ஒரு லிட்டர்ச் செம்பும் ஒரு தேக்கரண்டியும் எடுத்துச் செல்லவிருக்கிறேன். அதற்கு முன் எங்கள் தெருவில் பாடம் தொடங்கிவிட்டது. சென்ற மாதம் பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றதும், என்னை எழுப்பாமலே அம்மா செம்பை எடுத்துக்கொண்டு போயிருந்தார். நான் போய்ப் பார்த்தபோது, குழந்தையின் தாய்க்குக் கரண்டியைத் தலைதட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.