தீயில் காயும் பறை



பறை அடிக்கும் முன் ஆட்டக்காரர்கள் வைக்கோலைக் கொளுத்தி, அந்த அனலில் தோலைக் காட்டுவார்கள். விரலால் சுண்டிப் பார்ப்பார்கள். 'ணங்' என்று கேட்டால்தான் தோளில் ஏறும்.

பறையின் சட்டத்துக்கு வேப்பங்கட்டை மூன்று துண்டு. அவற்றை இரும்புத் தகட்டால் இணைத்து வட்டமாக்கி, புளியங்கொட்டைப் பசை தடவி, மாட்டுத்தோலை இழுத்து ஒட்டுவார்கள். அடிக்கும்போது வலக்கையில் குட்டையான அடிக்குச்சி, இடக்கையில் நீண்டு மெலிந்த சுண்டுக்குச்சி.

தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்துக்கும் உரிய கருப்பொருளில் பறையையும் சேர்த்தது. அதே பறையைப் பிற்காலத்தில் சாவு வீட்டோடு கட்டிப்போட்டு, அடித்தவர்களைத் தீண்டாமைக்குள் தள்ளினார்கள். இழிவு வேண்டாம் என்று பறையையே கைவிட்டவர்கள் உண்டு. அவர்களுடைய கோபம் முழுக்க நியாயமானது. அவமானத்தை உதறி, இசையை மட்டும் கையில் எடுத்தவர்களும் உண்டு. திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்களே பறையைக் கட்டிக்கொண்டு மேடை ஏறினார்கள். அலங்காநல்லூர் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது.

பறையின் அடிகள் பெரும்பாலும் ஏட்டில் இல்லை. வாயால் சொற்கட்டைச் சொல்லி, கையால் அடித்துக் காட்டித்தான் ஆசான் கற்றுக்கொடுப்பார். ஒலிப்பதிவு செய்து வைப்பது அவசியம். அதைவிட அவசியம், ஆசானுக்கு உரிய சம்பளமும் மரியாதையும். கற்றுக்கொள்ள விரும்பினால், உங்கள் ஊர் ஆட்டக்காரரிடமே முதலில் போய்க் கேளுங்கள்.