'வன்னியன்': ஒரு பட்டத்தின் வரலாறு

முல்லைத்தீவு மாவட்டத்துக் கற்சிலைமடுவில் ஆங்கில மொழியிற் பொறித்து நாட்டப்பட்ட நினைவுக்கல், 1803 ஒக்டோபர் 31ஆம் நாள் கப்டன் வொன் டிறிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்த செய்தியைக் கூறுவது. தோற்றவன் பெயரை வென்றவனின் கல்லே பேணியது. நாம் ஈண்டு ஆராய விழைவது அப்பெயரையே. அதன் இரு கூறுகளும் பட்டங்களாகும். 'பண்டாரம்' யாழ்ப்பாண மன்னன் புவிராச பண்டாரத்தின் பெயரிலும், 'பண்டார' என்னும் வடிவிற் சிங்கள அரசகுமாரர் பெயர்களிலும் காணப்படுவது. 'வன்னியன்' பற்றியே விவாதம் நீண்டது.

தீயைக் குறிக்கும் 'வஹ்நி' என்ற வடசொல்லிலிருந்து இதனைப் பெறுவோர் வேள்வித்தீயிற் பிறந்த மரபொன்றைக் கூறுவர். காட்டைக் குறிக்கும் 'வன' என்பாரும், 'வன்மை' என்பாரும், வன்னி மரத்தைச் சுட்டுவாரும் உளர். தீயிற் பிறந்த கதை குலப்பெருமைக்கு வாய்ப்பானது. அதற்கு ஆதரவு மிகுந்தமை வியப்பன்று. வன்னிக் காட்டை அறிந்தோர்க்கு இரண்டாவது விளக்கமே இயல்பாகத் தோன்றும். எனினும், வேர்ச்சொல்லைக் கண்டுவிடுவதால் அப்பெயரைத் தாங்கியவனின் சமூகப் பணி விளங்கிவிடாது.

பிற்சோழர்காலக் கல்வெட்டுகளிற் குறுநிலத் தலைவர் சிலர் 'வன்னியநாயன்' எனப்படுகின்றனர். ஈழத்தில் வையாபாடலும் யாழ்ப்பாண வைபவமாலையும் வன்னியரைப் பேசுகின்றன; கோணேசர் கல்வெட்டில் இது 'வன்னிபம்' என்னும் பதவியாகிறது. பேராசிரியர் சி. பத்மநாதன் 1970இல் வெளியிட்ட 'வன்னியர்' என்ற நூல் இச்சான்றுகளை வகைப்படுத்த முயன்ற முன்னோடி முயற்சிகளுள் ஒன்று. இவற்றை ஒருங்கு நோக்குமிடத்து, குளத்து நீரையும் வயலையும் காட்டு யானையையும் சார்ந்த உற்பத்தியிலிருந்து உபரியைத் திரட்டி, மேலரசுக்குத் திறை செலுத்தும் இடைநிலை அதிகாரமே வன்னிமை என்பது புலனாகும். யாழ்ப்பாண அரசு, போர்த்துக்கேயர், ஒல்லாந்தர் என மேலரசு மாறிற்று. அடங்காப்பற்றின் தலைவர்கள் இயன்றபோது திறையை மறுத்தும் வந்தனர். 1782இல் ஒல்லாந்தர் அவர்களை ஒடுக்கினர். 1803இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையைத் தாக்கியமை, இழந்த அந்த அதிகாரத்தை மீட்கும் முயற்சியுமாகும்.

பதவி வீழ்ந்தபின் பெயரின் கதி இடத்துக்கிடம் வேறுபட்டது. தமிழகத்தில் அது பெருந்தொகையான உழவர் சமூகமொன்றின் சாதிப்பெயராயிற்று; குடிக்கணக்கெடுப்பில் உயர்ந்த பெயர் வேண்டிய இயக்கம் இதற்குத் துணைநின்றது. சிங்களவரிடையே வன்னிநாயக்க, வன்னியாராச்சி எனக் குடும்பப்பெயர்களில் நிலைத்தது. வேடர் தம்மை 'வன்னியல அத்தோ' என்பர்; அங்கு காடு என்ற பொருளே மேலோங்கும். அயர்லாந்திலும் இத்தகைய நிகழ்வுண்டு: 'பாணன் மகன்' எனப் பொருள்படும் மாக் அன் வார்ட் என்ற பெயர், பாணரைப் புரந்த கேலியத் தலைவர்கள் 1607இல் நாடு நீங்கிய பின்னரும், ஆங்கில வாயில் 'வார்ட்' எனச் சுருங்கி வாழ்கிறது.

வன்னித் தமிழரிடம் இது நிகழவில்லை. தந்தை பெயரையே முன்னிடும் எம் வழக்கில், பட்டம் தலைமுறை கடந்து குடும்பப்பெயராக இறங்க வழியில்லை. பதவியோடு பெயரும் போயிற்று. நிலம் மட்டும் அதனைச் சுமக்கிறது.

திறையாகச் சென்ற யானைகளை வன்னியர் தம் கையாற் பிடித்தவரல்லர். யானை பிடிப்போர் பணிக்கர் எனப்பட்டனர். அவர்களுக்குக் கல் நாட்டியோர் இலர். மாங்குளத்துக்கு அண்மையிலுள்ள பணிக்கன்குளம் என்னும் ஊர்ப்பெயர் அவர்களை நினைவூட்டுகிறது.