மலைமேல் 15 பவுண்டு போதாது



அறுவை அறையின் கத்தி, கத்தரி, துணி யாவற்றையும் நீராவியால் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். பெரிய பிரஷர் குக்கர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நர்சிங் மாணவியர் மனப்பாடம் செய்யும் கணக்கு: 15 பவுண்டு அழுத்தத்தில் 121 டிகிரி சூடு. அது கடல்மட்டத்து ஊர்களுக்கான கணக்கு.

ஒருமுறை தெர்மாமீட்டர் ஒன்றைச் சோதிக்க எண்ணி, பூம்பாறையில் கொதிக்கிற தண்ணீரில் வைத்தேன். 94 காட்டியது. கெட்டுவிட்டதென்று ஒதுக்கிவைத்தேன். கெட்டிருந்தது என் கணக்குதான்! ஏறக்குறைய 1900 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். இங்கே பருப்பு வேக நேரமாவதன் காரணம் சமையற்காரரின் சோம்பல் அல்ல.

ஆட்டோகிளேவின் பிரஷர் மீட்டர், வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு அதிகம் என்பதை மட்டுமே சொல்லும். ஆகவே இங்கே முள் 15-ல் நின்றால் உள்ளே 118 டிகிரிதான். மூன்று டிகிரிதானே என்பீர்கள். அதற்கே கிருமிகள் சாகும் வேகம் ஏறத்தாழ பாதியாகிவிடுகிறது. 121 வேண்டுமானால் முள் 18-க்கு வர வேண்டும்.

மீட்டருக்குத்தான் சர்டிபிகேட் இருக்கிறதே என்று கேட்கலாம். காலிபரேஷன் என்பது ரிப்பேர் அல்ல; அதைவிடத் துல்லியமான கருவியோடு ஒப்பிட்டு, எந்த இடத்தில் எவ்வளவு பிழை என்று எழுதித் தருவது. அந்தக் கருவியும் வேறொன்றோடு ஒப்பிடப்பட்டிருக்கும். நம் நாட்டில் இந்தச் சங்கிலி புதுதில்லியிலுள்ள தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் போய் முடியும். மீட்டர் பொய் சொல்லவில்லை என்பதற்கு அந்தத் தாள் சாட்சி. துணி மூட்டையின் நடுவில் எவ்வளவு சூடு ஏறியது என்பதற்கு அது சாட்சியல்ல. பழைய காற்று முழுவதும் வெளியேறாவிட்டால், அழுத்தம் சரியாக இருந்தும் சூடு குறையும்.

அதற்காகத்தான் பிளாட்டினம் சென்சார். 0 டிகிரியில் 100 ஓம், 100 டிகிரியில் 138.5 ஓம் என்று சூட்டோடு அதன் மின்தடை உயரும். அதையும் ஒப்பிட்டுச் சரிபார்த்து, மூட்டைக்குள் நுழைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். மீட்டரைக் கழற்றி பஸ்ஸில் அனுப்பினால் மலைப்பாதைக் குலுக்கலில் முள் நகரக்கூடும். ஆகையால் ஒப்பீட்டுக் கருவியோடு ஆளையே மேலே வரவழைப்பது நல்லது. உங்கள் காணிக்கையில் ஒரு சிறு பங்கு இந்தச் செலவுக்குப் போகிறது.

சர்டிபிகேட் இப்போது ஆட்டோகிளேவ் அறைச் சுவரில் தொங்குகிறது. பக்கத்தில் சிஸ்டர் சிவப்பு மையில் பெரிதாக எழுதி ஒட்டியிருக்கிறார்: 18.