உங்களுக்குத் தெரியுமா? உலகத்தின் முழங்கால்களும் வெள்ளவத்தை மாடிப்படிகளும்

● 1990இல் உலகம் முழுவதும் மூட்டுத் தேய்வு நோயோடு வாழ்ந்தவர்கள் ஏறத்தாழ 25.6 கோடிப் பேர். 2020இல் 59.5 கோடி. இப்படியே போனால் 2050இல் 100 கோடியை நெருங்கும் என்கிறது, 2023இல் 'த லான்செட் ருமட்டோலொஜி' இதழில் வெளியான மதிப்பீடு. முப்பது வயதைத் தாண்டியவர்களில் ஏழு பேருக்கு ஒருவர் என்ற அளவில் இந்த நோய் இருக்கிறது.

● இந்தப் பெருக்கத்தில் பெரும்பங்கு மக்கள்தொகை கூடியதாலும் மனிதர் நெடுநாள் வாழ்வதாலும் வந்தது. வயது வேறுபாட்டைச் சமப்படுத்திப் பார்த்தால், 1990 முதல் 2017 வரை நோயின் வீதம் கூடியது ஏறத்தாழ 9% மட்டுமே.

● அந்த 'நெடுநாள் வாழ்வு' எங்கள் ஊரிலும் வந்துவிட்டது. 2012 குடிசன மதிப்பீட்டில் இலங்கையில் 65 வயதைக் கடந்தவர்கள் 7.9%. 2024 மதிப்பீட்டில் 12.6%. பன்னிரண்டே ஆண்டில் வந்த மாற்றம் இது. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளில் பிள்ளைகள் லண்டனிலும் டொரொண்டோவிலும் இருக்க, தாயும் தகப்பனும் மட்டும் வாழும் வீடுகள் எத்தனை என்று அக்கம்பக்கம் பார்த்தாலே விளங்கும். முழங்கால் நோ வந்தால் அந்த வீடுகளில் முதலில் நிற்பது கோவில், அடுத்தது சந்தை, அதற்கடுத்தது அயலவர் வீடு. நோய் மூட்டில்தான் தொடங்குகிறது. ஆனால் அது பறித்துக்கொள்வது வெளியுலகத்தை.

● உலகிலேயே மூட்டுத் தேய்வின் வீதம் மிகக் குறைவாக இருப்பது தென்கிழக்கு ஆசியாவில். உலக நோய்ச்சுமைக் கணக்கில் இலங்கையையும் அந்த வட்டாரத்தில்தான் சேர்க்கிறார்கள். மிக உயர்ந்த வீதம் ஜப்பான், தென்கொரியா போன்ற வசதி படைத்த ஆசிய நாடுகளில். இதைப் பார்த்து ஆறுதல் கொள்ள வேண்டாம். இந்தியாவில் ஐந்து இடங்களில் நாற்பது வயதைக் கடந்தவர்களிடம் நடத்திய ஆய்வு 2016இல் வெளிவந்தது. அதில் 28.7% பேருக்கு முழங்கால் தேய்வு இருந்தது.

● நீண்ட ஆயுளும் உடற்பருமனும் மட்டும்தான் காரணமா? ஹார்வர்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஐம்பது வயதைக் கடந்து இறந்த 2,500க்கும் அதிகமானோரின் எலும்புக்கூடுகளை ஆராய்ந்தார்கள். வரலாற்றுக்கு முந்திய மனிதரில் 8% பேருக்கு முழங்கால் தேய்வு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொழிற்சாலைக் காலத்தவரில் 6%. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்தவரில் 16%. வயதையும் எடையையும் கணக்கில் எடுத்த பிறகும், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின் நோய் இரண்டு மடங்கானது தெரிந்தது. 2017இல் வெளியான இந்த முடிவை நான் மிகப் பெரிய செய்தியாகவே எடுக்கிறேன். 'வயதுபோனால் முழங்கால் போகும்' என்று நாங்கள் விதியாக ஏற்றுக்கொண்டதில் ஒரு பகுதி விதியே அல்ல. தடுத்திருக்கக்கூடியது.

● பெர்லினில் சிலருக்குப் பொருத்திய செயற்கை முழங்காலுக்குள் அளவிடும் கருவி வைத்துப் பார்த்தார்கள். சமதரையில் நடக்கும்போது மூட்டில் விழும் பாரம் உடல் எடையின் இரண்டரை மடங்கைத் தாண்டியது. படி இறங்கும்போது ஏறத்தாழ மூன்றரை மடங்கு. ஏறுவதைவிட இறங்குவதே முழங்காலுக்குக் கூடுதல் பாரம் என்பதைப் பலர் அனுபவத்தில் அறிந்திருப்பார்கள். கொட்டாஞ்சேனையின் பழைய மாடி வீடுகளில் படிகள் செங்குத்தாகவும் ஒடுங்கியும் இருக்கும். அங்கே கைபிடிக் கம்பி இல்லாத படிக்கட்டு ஒன்று இருந்தால், வீட்டுக்காரர் முதலில் செய்ய வேண்டிய வேலை அதைப் பொருத்துவது. லிப்ட் பழுதாகி நாட்கணக்கில் நிற்கும் தொடர்மாடியில், ஐந்தாம் மாடிக் கிழவிக்கு அது வீட்டுக்காவல். நிர்வாகக் குழுக்கள் இதை வசதிப் பிரச்சினையாகப் பார்ப்பதை விட்டு, சுகாதாரப் பிரச்சினையாகப் பார்க்க வேண்டும்.

● பெய்ஜிங் பெண்கள் அமெரிக்கப் பெண்களைவிட மெலிந்தவர்கள். ஆனாலும் அவர்களுக்குத்தான் முழங்கால் தேய்வு அதிகம். இடுப்பு மூட்டுத் தேய்வோ அவர்களிடம் 80 முதல் 90% வரை குறைவு. இளவயதில் நாளுக்கு மணிக்கணக்கில் குந்தியிருந்தவர்களுக்கு முழங்கால் தேய்வு கூடியிருந்ததும் அங்கே தெரிந்தது. அம்மியடியிலும் கிணற்றடியிலும் குந்தி வேலை செய்து வளர்ந்த எங்கள் அம்மம்மாமாருக்கு இந்தச் சேதி புதிதாக இராது.

● அதே பெய்ஜிங்கில், உணவுக்குச்சி பிடிக்கும் கையின் விரல் மூட்டுகளில் மற்றக் கையைவிடத் தேய்வு சற்றுக் கூடுதலாக இருந்தது.

● பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் முழங்கால்களை 1950களிலேயே ஆராய்ந்திருக்கிறார்கள். நாள் முழுவதும் முழந்தாளிட்டுப் பாரம் தூக்குவதுதான் ஆபத்து. கொச்சிக்கடை அந்தோனியார் முன் சிறிதுநேரம் முழந்தாளிடுவது அந்தக் கணக்கில் வராது. ஏற்கனவே நோ உள்ளவர்கள் கதிரையில் இருந்தே மன்றாடலாம்.

● நோயாளரில் பத்துக்கு ஆறு பேர் பெண்கள்.

● நோய்ச்சுமையில் ஐந்தில் ஒரு பங்குக்குக் காரணம் அதிக எடை. இலங்கையில் 2015இல் நடந்த தேசியக் கணிப்பில் பெண்களில் மூவருக்கு ஒருவர் அளவுக்கு மிஞ்சிய எடையோடு இருந்தார்கள். நல்ல செய்தி இதுதான்: ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலில் விழும் பாரம் நான்கு கிலோ குறைகிறது. அமெரிக்காவின் ஃப்ரேமிங்காம் நகரில் பத்தாண்டுக் காலத்தில் ஏறத்தாழ ஐந்து கிலோ குறைத்த பெண்களுக்கு முழங்கால் தேய்வு வரும் வாய்ப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. ஐந்து கிலோ எட்டாத இலக்கு அல்ல. இரவில் புட்டின் அளவையும் தேநீரில் சீனியையும் குறைப்பதிலிருந்து தொடங்கலாம்.

● ஓடினால் மூட்டுத் தேயுமா? 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, உடல்நலத்துக்காக ஓடுபவரில் 3.5% பேருக்கே முழங்கால் அல்லது இடுப்புத் தேய்வு. ஓடாமல் இருந்தவரில் 10.2%. போட்டிக்காக ஓடுபவரில் 13.3%. அளவோடு ஓடுவதற்கே பயப்படத் தேவையில்லை என்றால், மரைன் டிரைவில் விடியப்புறம் நடப்பவர்கள் தயங்காமல் நடக்கலாம்.

● நாற்பத்தைந்து வயதைக் கடந்தவருக்கு, அசையும்போது மூட்டு நோகிறது, காலையில் விறைப்பு அரை மணிக்கு மேல் நீடிப்பதில்லை என்றால், எக்ஸ்ரே இல்லாமலே மூட்டுத் தேய்வு என்று வைத்தியர் முடிவுசெய்யலாம். பிரிட்டனின் 2022 வழிகாட்டல் அப்படித்தான் சொல்கிறது. விறைப்பு நீண்டாலோ, மூட்டு சூடாகி வீங்கினாலோ அது வேறு நோயாக இருக்கலாம். தாமதிக்க வேண்டாம்.

● 2002இல் அமெரிக்காவில் முழங்கால் தேய்வு உள்ள 180 பேரைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. சிலருக்கு முழங்காலுக்குள் குழாய் விட்டுச் சுத்தம் செய்தார்கள். சிலருக்குத் தோலில் மட்டும் கீறல் போட்டுத் தைத்தார்கள். இரு தரப்பாருக்கும் நோ ஒரே அளவில்தான் குறைந்தது.

● பாமசியில் துண்டில்லாமல் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கும் டைக்குளோபெனக் போன்ற குளிசைகள் குடலில் புண்ணை உண்டாக்கும். சிறுநீரகத்தைப் பழுதாக்கும். நீரிழிவும் பிரஷரும் உள்ளவருக்கு ஆபத்து இன்னும் கூட. முழங்காலுக்கு மருந்துகளில் முதலில் பரிந்துரைக்கப்படுவது இவற்றின் பூசும் களிம்பு. குளிசை தேவைப்பட்டால் வைத்தியர் சொன்ன அளவில், குறைந்த நாட்களுக்கு மட்டும்.

● உலகின் எல்லா முக்கிய வழிகாட்டல்களும் முதலாவதாகச் சொல்லும் மருந்து உடற்பயிற்சி. தொடையின் முன்தசை வலுத்தால் முழங்கால் தாங்கும். கதிரையில் இருந்தபடி ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை பிடித்து இறக்குங்கள். இரு காலுக்கும் பத்துத் தடவை. தொடக்கத்தில் சற்று நொந்தால் பயப்பட வேண்டாம். 'நோகுது, அசையாமல் இருங்கோ' என்று பெரியவர்களைக் கட்டிலோடு கட்டிப்போடுவதுதான் நாங்கள் அன்பினால் செய்யும் கேடு.

● கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் களுபோவில போதனா வைத்தியசாலையிலும் உடற்பயிற்சி சொல்லித்தர இயன்மருத்துவர்கள் இருக்கிறார்கள். கட்டணம் இல்லை. உங்கள் வீட்டில் யாராவது கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பி, "ஒண்டுமில்லை, வயசுதானே" என்றால் அதை நம்பிவிடாதீர்கள். இந்த மாதமே ஒருமுறை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.